என் வீட்டுப் படிவத்தில் ஒரு வரி

உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை.

சென்ற மாதம் மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டே இதைக் கேட்டார். மூன்று என்று சொல்லலாம், நான் பெற்றது மூன்று. இரண்டு என்று சொல்லலாம், ஏனென்றால் முதல் குழந்தை பதினோராம் நாளே போய்விட்டது. ஒன்று என்றும் சொல்லலாம். நான் வழக்கமாகச் சொல்வது அதுதான். அன்றும் ஒன்று என்றேன். பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பெண் என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அவருக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

இதை, எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற ஒரு தாயின் அசட்டுப் பயம் என்று விட்டுவிடலாம். ஆனால் நான் டாக்டர் பட்டத்துக்காக எழுதியிருக்கும் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்வியின்மேல்தான் நிற்கிறது. அதை அனுப்புவதற்கு ஆடி பிறக்கும் வரைதான் எனக்குத் தவணை.

என் அப்பா பம்பாயில் ஒரு மில் ஆபீஸில் குமாஸ்தா. பூர்வீகம் தருமபுரிப் பக்கம். நான் பம்பாய் மாதுங்காவில் வளர்ந்தேன். பம்பாயிலேயே சமூக சாஸ்திரம் எடுத்து எம்.ஏ. தேறி, மேலே ஆராய்ச்சிக்கும் பெயர் பதிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தருமபுரியை அடுத்த இண்டூரில் பள்ளிக்கூட வாத்தியார். பெண் ஆரம்பித்த படிப்பை முடிக்கவேண்டும் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “முடிக்கட்டுமே, நானும்தான் படிச்சுப் பாக்கறேன்” என்று அவர் சொன்னாராம். அந்த வார்த்தைக்கு அவர் இன்றுவரை குறைவு வைக்கவில்லை. குறைவு இருந்தால் அது என்னிடம்தான்.

இண்டூருக்கு வந்த பிறகு என் பேராசிரியருக்கு வருத்தத்தோடு ஒரு கடிதம் எழுதினேன். இங்கே நூல்நிலையம் இல்லை, பேசக்கூட ஆள் இல்லை, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். அவர் நான்கே வரியில் பதில் போட்டார். மற்ற மாணவர்கள் ஆராய்ச்சிக்காக ஒரு கிராமத்தைத் தேடிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது, நீயோ கிராமத்துக்குள்ளேயே குடியிருக்கிறாய், உன் தெருவை எழுது என்றார். இப்படித்தான் நாங்கள் குடியிருக்கும் தெருவே என் ஆராய்ச்சி ஆயிற்று. வீட்டுக்கு வீடு குடும்பம் எப்படி அமைந்திருக்கிறது, பெண்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள், பிள்ளைகள் எத்தனை, அவர்களை யார் வளர்க்கிறார்கள் என்பவை விஷயம்.

உடனே தொடங்க முடியவில்லை. முதல் குழந்தை தவறியது. பிறகு பையன் பிறந்தான். அவனுக்குப் பிறகு பெண், எட்டாம் மாதத்திலேயே. அவள் கையளவுதான் இருந்தாள். பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு, அவள் மூச்சு விடுகிறாளா என்று நாளுக்கு நூறு தடவை குனிந்து பார்ப்பேன்.

அவள் தொட்டிலில் கிடந்த அந்த வருஷம் ஜனக்கணக்கு எடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு என் கணவரையே போட்டிருந்தார்கள். அவர் எதையும் முறையாகச் செய்கிறவர். முதலில் சொந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“குழந்தைகள் எத்தனை?”

“ஒண்ணு.”

பேனா நின்றது. “தொட்டில்ல தூங்கறது யாரு?”

“அது இப்பத்தானே பொறந்திருக்கு.”

“பொறந்தாச்சு இல்ல? சர்க்கார் அதைத்தான் கேக்குது.”

உள்ளேயிருந்து அத்தை, என் மாமியார், குரல் கொடுத்தார். “ஏன் தம்பி, நம்மூட்டுத் தொட்டில்ல சர்க்காருக்கு என்ன வேலை? அவ சொன்னத எழுதிட்டு எந்திரிச்சு வா. களி ஆறிப்போவுது.”

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு என்று எழுதினார். நான் தொட்டிலருகே போய்க் குழந்தையின் கன்னத்தில் மையைப் பெரிதாக்கி வைத்தேன். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். எம்.ஏ. படித்த எனக்கே ஒன்று என்று வாய் வந்தால், தெருவில் மற்றவர்களுக்கு என்ன வரும் என்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

பெண் நடக்கத் தொடங்கியதும் நான் வேலையை ஆரம்பித்தேன். யுத்த காலம், வெள்ளைத்தாள் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் கழித்த பழைய பரீட்சைத்தாள்களை அவர் கொண்டுவந்து கொடுப்பார். அவற்றின் பின்பக்கத்தில் நானே கோடு கிழித்துப் படிவங்கள் தயாரித்தேன். முன்பக்கம் யாரோ ஒரு பையன் போட்ட தப்புக்கணக்கு, பின்பக்கம் ஒரு குடும்பம். காலையில் சமையலை முடித்துவிட்டு, பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படுவேன். கேழ்வரகு அரைக்கும் இடத்திலும் நிலக்கடலைக் காட்டில் களை வெட்டும் இடத்திலும் உட்கார்ந்து கேட்பேன். பெண்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்கள். புருஷனோடு போட்ட சண்டையையும், தாய்வீட்டில் செய்த சீர் போதாமல் போனதையும், பக்கத்து வீட்டுக் கோழி யாருடைய குழம்பில் வெந்தது என்பதையும் கேட்காமலே சொன்னார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் உடனே பதில் வரும். “ரெண்டுங்க.” “மூணுங்க.” “ஒண்ணே ஒண்ணுதாங்க.” அப்படியே எழுதிக்கொண்டேன்.

தெரு முடிந்ததும் கூட்டிக் கழித்து அட்டவணை போட்டேன். கூட்டலை அவர் சரிபார்த்தார். இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு இருக்கும் பிள்ளைகள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தார்கள். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது. பெண்கள் காட்டு வேலையில் படும் பாடு, பிள்ளைக்குப் பால்குடியை மறக்கடிக்காமல் வெகுநாள் வைத்திருப்பது, சாகுபடி நிலம் துண்டாகிவிடும் என்ற கவலை என்று காரணங்களை அடுக்கி ஓர் அத்தியாயமே எழுதினேன். இரண்டு மாதம் அதில் போயிற்று. பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் மிகவும் பாராட்டி எழுதினார். அந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

வேலை முடிந்ததே, உதவி செய்த வீடுகளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். சர்க்கரைக்குத்தான் தட்டுப்பாடு, வெல்லத்துக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. பிள்ளைக்கு ஒன்றாகப் பொரி உருண்டை பிடித்துக் கொடுக்கலாம் என்றேன். அத்தை அடுப்பில் வெல்லப்பாகு வைத்துவிட்டு, எத்தனை வேண்டும் என்று கேட்டார். நான் அட்டவணையைப் பார்த்து எண்ணிக்கையைச் சொன்னேன்.

“பத்தாது கண்ணு.”

“கைக்குழந்தைகளையும் சேத்துத்தான் அத்தை சொல்றேன்.”

“இது யாரு சொன்ன கணக்கு?”

“அவங்கவங்க அம்மா சொன்னதுதான்.”

“பெத்தவ சொன்னாளா?” என்று கேட்டுவிட்டு அத்தை பொரியைக் கொட்டிக் கிளறினார். அவர் உதட்டோரம் சிரித்ததைப் பார்த்தேன். பாகு பதம் சரியாக வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டு அம்மாளிடமிருந்து தொடங்கினேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பிரசவத்தில் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர். என் படிவத்தில் அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. வாசலில் மூன்று பேர் வந்து கையை நீட்டினார்கள். அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளை ஒன்று விளையாட வந்திருக்கும் என்று மூன்றைக் கொடுத்தேன். அடுத்த வீட்டில் மூன்று எழுதியிருந்தேன், நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் ஒன்று, வந்தது இரண்டு. நடுத்தெரு வருவதற்குள் கூடை காலி. பாதித் தெருப் பிள்ளைகள் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சின்னவள் அழத் தொடங்கினாள்.

நான் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் தன் மூன்றாவது பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அங்கே வந்தார்.

“என்னங்க வாத்தியாரூட்டம்மா, உருண்டை தீந்துபோச்சா?”

“உங்களுக்கு ரெண்டுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமாங்க, சொன்னேன்.”

“இது?”

“இது யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே.”

வாசல்களில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “காயிதத்துக்குப் பசிக்காதுங்க. புள்ளைக்குப் பசிக்கும். நாங்க அங்க கொறச்சுச் சொன்னா என்ன, நீங்க இங்க நெறையக் கொண்டாந்திருக்கோணும்.”

“நீங்களும் புள்ள பெத்தவங்கதானே, தெரியாதாங்க?” என்றார் எதிர்வீட்டு அம்மாள். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து படிவக்கட்டை எடுத்தேன். முதல் படிவம் எங்கள் வீட்டினுடையது. வேலையை ஆரம்பிக்கும்போது, கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக மாதிரிக்கு நானே நிரப்பியது. என் கையெழுத்துத்தான். தாயின் வயது, படிப்பு, பிறந்த ஊர் எல்லாம் சரியாக இருந்தன. உயிரோடு இருக்கும் குழந்தைகள் என்ற வரியில் ஒன்று என்று இருந்தது.

யாரும் என்னிடம் கேட்கவில்லை, எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பேனாவும் நானும் மட்டும்தான். அப்படியும் ஒன்று என்று எழுதியிருக்கிறேன். எழுதியது நினைவுகூட இல்லை. எழுதும்போது பெண் என் மடியில்தான் இருந்திருப்பாள். தாளின் மூலையில் அவள் கைபட்டு மை இழுபட்டிருந்தது.

தெருவில் ஒவ்வொரு தாயும் ஒரு பிள்ளையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். பெரும்பாலும் எந்தப் பிள்ளைக்காக அதிகம் பயப்படுகிறாளோ அதை. ஆண்பிள்ளையைத்தான் ஒளிப்பார்கள் என்று படித்தவர்கள் நினைக்கலாம். நான் ஒளித்தது பெண்ணை. நான் எழுதிய அத்தியாயமோ, பிறந்து வளர்ந்து தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏன் பிறக்கவில்லை என்பதற்கான காரணங்கள்.

கணவரிடம் சொன்னபோது அவர் என் அட்டவணையை வாங்கி மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, “கூட்டல்ல தப்பில்ல” என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து கேட்கவேண்டும். எப்படிக் கேட்பது? எண்ணிக்கையைக் கேட்டால் மறுபடியும் ஒன்று குறையும். பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினால் அந்தத் தெருவில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். நானும் என் பெண்ணை அப்படி ஒருவர் எண்ண விடமாட்டேன். பல நாள் யோசித்தேன். வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் தூக்கம் போதவில்லை என்று அலுத்துக்கொண்டார். ஏன் என்றேன்.

“செவுத்தோரம் பெரியவ படுப்பா. அவளுக்கு இந்தப் பக்கம் நடுவுளவன். அவன் ஒதைக்கறான்னு அவ அழுவா. என்கிட்ட சின்னது. அதுக்கு என் காதைப் புடிச்சிக்கோணும், இல்லாட்டித் தூங்காது. எங்கூட்டுக்காரரு வாசப்படிகிட்ட நிம்மதியாக் கொறட்டை விடறாரு.”

அவர் மூன்று பேரையும் சொல்லிவிட்டார். எண்ணாமல் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எத்தனை என்று நான் கேட்கவில்லை. சுவரோரம் யார், அதற்கடுத்து யார் என்று கேட்டேன். அதைச் சொல்வதில் பெண்களுக்கு அலுப்பே இல்லை. யார் போர்வையை இழுப்பார்கள், யார் பாயை நனைப்பார்கள், மழை ஒழுகினால் யார் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் முழுவதும் வந்துவிட்டார்கள். பழைய படிவங்களில் பென்சிலால் திருத்திக்கொண்டே வந்தேன். மறுபடி ஒரு வருஷம் ஆயிற்று.

நடந்ததை எல்லாம் பேராசிரியருக்கு எழுதினேன். பழைய அத்தியாயத்தைப் பாராட்டியவராயிற்றே, கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பழையதைக் கிழித்துப்போடு, இதுதான் உன் ஆராய்ச்சி என்று எழுதினார். முதலில் சொன்ன எண்ணிக்கை, படுக்கை வரிசையில் கிடைத்த எண்ணிக்கை, இரண்டையும் வீடுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அட்டவணை அமைக்கவேண்டும் என்றார். கடைசியில், உன் வீட்டை விட்டுவிடாதே, உன் படிவம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்றும் எழுதியிருந்தார்.

மை தொட்டு எழுத உட்கார்ந்தேன். மற்ற வீடுகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டை எடுத்தேன். முதலில் சொன்னது ஒன்று. அதற்குப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன். எழுதின மை காய்ந்தது. அன்று சாயங்காலமே பெண்ணுக்குக் குளிர் ஜுரம் கண்டது.

எங்கள் பக்கத்தில் மழை விட்டபின் குளிர் ஜுரம் வராத வீடு கிடையாது. அந்த வாரம் தெருவில் பாதிப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். தருமபுரியிலிருந்து கரியில் ஓடும் பஸ்ஸில் கொய்னா மாத்திரை வரவழைத்தோம். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எல்லாம் எனக்குத் தெரியும். கொசுவைப் பற்றியும் தெரியும். ஆனால் இரண்டாம் நாள், அவள் உடம்பு தூக்கிப் போட்டபோது, நான் அந்தத் தாளை எடுத்து என் வீட்டு வரியில் எழுதிய இரண்டைப் பிளேடால் சுரண்டினேன். அதன் பிறகுதான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஜுரம் விட்டது மாத்திரையால் என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சுரண்டிய இடத்தில் மறுபடி எழுதக் கை போகவில்லை.

பெண்ணைப் பார்க்க எதிர்வீட்டு அம்மாள் வந்திருந்தார். பாயோரத்தில் கிடந்த அட்டவணைத் தாளைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எண் தெரியும், சந்தைக்குப் போகிறவர். தாளில் எதிர்வீடு எது என்று கேட்டார். மறைக்க மனம் வராமல் காட்டினேன்.

“இது முன்ன நான் சொன்னது. பக்கத்துல என்னங்க மூணுன்னு இருக்குது? எண்ணிட்டீங்களா?”

“ஆமாங்க.”

“எப்ப எண்ணுனீங்க?”

“நீங்க படுக்கறதப் பத்திச் சொன்னீங்களே, அப்ப.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாக, “ஊரு பூரா எழுதுங்க, எங்கூட்ல மட்டும் ஒண்ணக் கொறச்சுப் போட்டுருங்க” என்றார். பம்பாயில் யாரோ நாலு பேர் படிப்பார்கள், பெயர்கூட இருக்காது, அவர்களுக்கு இந்தப் பிள்ளையைத் தெரியவா போகிறது என்று சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தாளை இன்னொரு தடவை பார்த்தார்.

“உங்கூட்டுக்கு எத்தனை போட்டிருக்கீங்க?”

நான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. என் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “வேர்த்திருக்குதுங்க, இனிப் பயமில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஆராய்ச்சி முடிந்து டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. இனித் தர வழியில்லை என்று பேராசிரியர் எழுதிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் போகாவிட்டால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு வயதாகிறது. டாக்டர் பட்டம் வாங்கிய மகள் என்று அவர் யாரிடமாவது சொல்லிக்கொள்ளவேண்டும் என்பது எனக்கு ஆசை. கணவர் ஒரு வார்த்தையும் அவசரப்படுத்தவில்லை. கெட்டியான உறை ஒன்று வாங்கி வந்து பெட்டியின் மேல் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வரியை அப்படியே வெறுமையாக விட்டு அனுப்பலாம். ஆனால் மற்ற தாய்மார்கள் நம்பிச் சொன்னதை எல்லாம் எண்ணி எழுதிவிட்டு, என் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டவள் ஆவேன். எதிர்வீட்டில் ஒன்றைக் குறைத்துப் போடலாம். அப்படியானால் மற்ற வீடுகள் என்ன பாவம் செய்தன? அட்டவணை முழுவதையும் எடுத்துவிட்டால் ஆராய்ச்சி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. இரண்டு என்று எழுதி உறையை ஒட்டிவிடலாம். நாளுக்கு ஒரு தடவை அப்படித்தான் தீர்மானிக்கிறேன். அப்போது அவள் எங்கேயாவது இருமுவாள்.

இந்தக் கட்டுரையில் என் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டேன் என்பதும் தெரிகிறது. பெயர் போடாமல் எழுதுவதால் வந்த துணிச்சல். அதுவே தப்போ என்று இப்போது தோன்றுகிறது.

இதைப் படிக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். படித்தவர்கள், படிக்காதவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவர்கள், யாரானாலும் சரி. நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்த வரியில் என்ன எழுதுவீர்கள்? எதிர்வீட்டு அம்மாளிடம் போய் என்ன சொல்வீர்கள்? பயப்படாதே என்று மட்டும் எழுதவேண்டாம், அதை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஆடி பிறக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.